பன்னிரண்டு மணிக்கு மூடிய மேசை: பல்லடம் தறிக்குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2024 ஜூலையில், வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும் நெரிசலுக்கு நடுவே, பல்லடம் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் மனைவியோடு என் அலுவலகத்துக்கு வந்தார். கூலிக்கு நெசவு செய்யும் எட்டு விசைத்தறிகள் அவருக்கு. மகளின் கல்லூரிப் படிப்புக்கு வங்கிக் கடன் கேட்க வேண்டும், அதற்காகப் படிவங்கள் தேவை என்றார். பிடித்தம் செய்யப்பட்ட வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலைத் திரையில் திறந்தேன். சோமனூர் ஜவுளிக்காரர் பாவும் (நீளவாட்டு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) கொடுத்து, நெய்த துணிக்குக் கூலி தந்தபோது பிடித்த வரி அதில் இருந்தது. அதற்குக் கீழே நான் எதிர்பார்க்காத ஒரு பதிவு: பிரிவு 194பிஏ, 2024 ஜனவரி, பிடித்த வரி 18,000 ரூபாய்.

இணைய விளையாட்டில் ஜெயித்த பணத்துக்கு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிரிவு அது. நிகர வெற்றியில் 30 சதவீதத்தை நிறுவனமே பிடித்துக் கட்டிவிட வேண்டும். 18,000 பிடித்திருந்தால் ஜெயித்தது 60,000.

“அறுபதாயிரம் வந்ததா? என்னிடம் சொல்லவே இல்லையே” என்றார் மனைவி. அந்தக் குரலில் முதலில் இருந்தது மகிழ்ச்சி. கணவர் தலை நிமிரவில்லை. அப்போதுதான் மனைவிக்கு ஏதோ புரிந்தது.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக, இதே காலத்தில் எனக்குத் தெரியவந்த வேறு இரண்டு வீடுகளின் விவரங்களையும் இந்த வீட்டோடு கலந்திருக்கிறேன், தொகைகளையும் மாற்றியிருக்கிறேன். சட்டங்கள், நாட்கள், வரி விகிதங்கள் உள்ளபடியே இருக்கின்றன.

பழைய மேசைகள்

கொங்கு நாட்டுக்குச் சூது புதிதல்ல. சேவல்கட்டு உண்டு, திருவிழா நாட்களில் வெட்டுச்சீட்டு உண்டு, மனமகிழ் மன்றங்களில் ரம்மி உண்டு. தமிழ்நாட்டில் லாட்டரி 2003 ஜனவரியில் தடை செய்யப்படும் வரை, பனியன் கம்பெனிச் சம்பளத்தில் ஒரு பங்கு சனிக்கிழமை மாலையே சீட்டுக் கடைக்குப் போய்விடும். தடைக்குப் பிறகும் ஆசை விடாதவர்கள் வாளையாறுக்கும் வேலந்தாவளத்துக்கும் பஸ் ஏறினார்கள். கேரள அரசு 1967 முதல் லாட்டரி நடத்துகிறது. எல்லை தாண்டியதுமே கடைகள் தொடங்கிவிடும்.

அந்தச் சூதுகளும் குடும்பங்களை அழித்தன. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் ஓர் இடைவெளி இருந்தது. வாளையாறு போய்வர அரை நாள் ஆகும். குலுக்கலோ நாளுக்கு ஒன்று. 2012 வாக்கில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது தறிக்குடோன்களில் சீட்டு ஓடியது; கரண்ட் வந்ததும் ஆட்டம் கலைந்துவிடும், ஆளுக்கு ஆள் தறிக்கு ஓடுவார்கள். கையில் இருக்கும் நோட்டு தீர்ந்தால் எதிரில் இருப்பவரிடம் கடன் கேட்க வேண்டும். கேட்டால் அவர் முகம் மாறும், அடுத்த நாள் அது ஊருக்கே தெரியும். ரொம்ப நேரம் ஆனால் மச்சான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பார். பணம், இருட்டு, உறவு, வெட்கம் என்று நாலாபக்கமும் தடங்கல்கள். ஆட்டக்காரரை அவை முழுதாகக் காப்பாற்றவில்லை. இழப்பை மெதுவாக்கின, அந்த நேரத்துக்குள் சிலருக்குப் புத்தி திரும்பியது.

கைபேசி அந்த இடைவெளிகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிட்டது. இந்த வீட்டில் நடந்ததன் மையம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வங்கிக் கணக்கு சொன்னது

அன்று மாலையே நான்கு ஆண்டுக் கணக்கு அறிக்கையை எடுத்து மூவரும் உட்கார்ந்தோம். “இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாமா, அம்மிணி?” என்று மனைவியிடம் கேட்டேன். “இல்லைங்க அண்ணா, இப்போதே தெரிய வேண்டும்” என்றார். திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். துணியில் ஒரு பொத்தல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற கை. பேனாவை வாங்கி அவரே ஒவ்வொரு பதிவாகக் கோடு போடத் தொடங்கினார்.

தொகைகளில் ஒன்றும் பெரிதில்லை. 200, 300, 500, மறுபடி 200. ஓர் இரவில் பதினேழு முறை. யுபிஐ 2016-இல் வந்தபோது காய்கறிக் கடைக்கும் டீக்கடைக்கும் அது எவ்வளவு வசதி என்று நானே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதே வசதி இங்கே, கையில் நோட்டு குறைவதைக் கண் பார்க்க முடியாதபடி செய்திருந்தது. பல ஆயிரம் சிறு பதிவுகளைக் கூட்டியபோது, 2021 ஆகஸ்ட் முதல் 2024 ஜூன் வரை ரம்மிச் செயலிகளில் போட்டது 19 லட்சத்து 40 ஆயிரம். திரும்ப எடுத்தது 8 லட்சத்து 10 ஆயிரம். பதினொன்றே கால் லட்சத்துக்கு மேல் போய்விட்டது.

வரித்துறை கண்ட 60,000 எங்கிருந்து வந்தது? அந்த நிதியாண்டில், அந்த ஒரு நிறுவனத்தில் மட்டும், போட்டதைவிட எடுத்தது அதிகம். முந்தைய ஆண்டுகளில் அங்கேயே இழந்ததோ, அதே வாரத்தில் இன்னொரு செயலியில் இழந்ததோ அந்தக் கணக்கில் வராது. லட்சக்கணக்கில் தோற்ற ஒருவர் காகிதத்தில் ஜெயித்தவராக நின்றார்.

நேரத்தைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. பெரும்பாலான பதிவுகள் இரவு பதினொன்றுக்கும் விடியற்காலை மூன்றுக்கும் இடையில். அது அவர் தறி ஓட்டும் நேரம். தறி ஓட்டுவது பாதி வேலை, பாதி காத்திருப்பு. நூல் அறுந்தால் முடிய வேண்டும், தார் (ஊடை நூல் சுற்றிய குழல்) தீர்ந்தால் மாற்ற வேண்டும். மற்ற நேரம் தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு முழுவதையும் கைபேசி எடுத்துக்கொண்டது. சாதாரணத் தறியில் பாவு இழை அறுந்தால் தறி தானாக நிற்காது. கண் பார்த்து நிறுத்தவில்லை என்றால் மீட்டர் கணக்கில் கோடு விழுந்த துணி ஓடிவிடும். ஜவுளிக்காரரின் பில்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எந்த மாதங்களில் ஆட்டம் அதிகமோ அந்த மாதங்களில் டேமேஜ் பிடித்தமும் அதிகம். சூதில் போன தொகையோடு அதையும் சேர்த்தால்தான் உண்மையான இழப்பு வரும்.

திறமை இருந்தது, போதவில்லை

“நான் நன்றாகத்தான் விளையாடுவேன்” என்று அவர் சொன்னார். நம்புகிறேன். கழித்த சீட்டுகளை நினைவில் வைப்பவர், நல்ல கை இல்லையென்றால் இருபது புள்ளியோடு முதலிலேயே விலகத் தெரிந்தவர். தோற்றவருக்கு விழும் அதிகபட்சமான எண்பது புள்ளி முழுக்கை வாங்கியது குறைவு என்றார். அதனால் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

இருவர் ஆடும் மேசை, ஆளுக்கு 500. மொத்தம் 1,000. நிறுவனம் 15 சதவீதம் எடுத்துக்கொண்டால் ஜெயித்தவருக்கு 850. அதாவது ஜெயித்தால் லாபம் 350, தோற்றால் நட்டம் 500. பாதி ஆட்டம் ஜெயித்தால், சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 75 ரூபாய் போகும். முதல் தேறவே நூறில் 59 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் என்றால் மணிக்குப் பன்னிரண்டு ஆட்டம், 900 ரூபாய். சரிசமமாக ஆடி, ஒருவரும் ஏமாற்றாமல், இது நடக்கும். 2023 அக்டோபர் 1 முதல், போடும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தபின், 100 ரூபாய் போட்டால் ஏறக்குறைய 78 ரூபாய்தான் ஆட்டத்துக்கு. பல நிறுவனங்கள் அந்த வரியை போனஸாகத் திருப்பிக் கொடுத்து வலியை மறைத்தன.

தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “தறிக்கூலிக்கு மீட்டருக்குப் பைசாக் கணக்குப் பார்க்கிறேன். இதற்குப் பார்க்கவில்லையே.”

நம் சட்ட விவாதம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் திறமையா, அதிர்ஷ்டமா என்ற கேள்வியிலேயே நின்றுவிட்டது எனக்கு உறுத்துகிறது. செகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றைப் பற்றிய சத்தியநாராயணா வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967 நவம்பரில் சொன்னது. அதைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டினார்கள். ஆனால் மன்றத்தின் உரிமையாளர் அந்த ஆட்டத்திலிருந்து லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்லியிருந்தது. ஒவ்வொரு மேசையிலும் 15 சதவீதம் எடுக்கும் தொழில் வந்தபோது, அந்த இரண்டாவது பாதிக்கு ஏன் உரிய கனம் கிடைக்கவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.

தீங்கை அளக்க ஆட்டத்தின் பெயரைவிட அதன் வேகமும் தொடர்ச்சியும் முக்கியம். லான்செட் பொதுச் சுகாதார ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட மதிப்பீடு உலகில் ஏறக்குறைய 8 கோடி பெரியவர்களுக்குச் சூதாட்ட நோயோ சிக்கலான சூதாட்டமோ இருப்பதாகச் சொல்கிறது. இணைய கேசினோ, ஸ்லாட் வகைகளை ஆடும் பெரியவர்களில் 15.8 சதவீதத்தினருக்கும், விளையாட்டுப் பந்தயம் கட்டுபவர்களில் 8.9 சதவீதத்தினருக்கும் நோய் இருக்கலாம் என்பது அதன் கணிப்பு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டில் 2013 முதலே இது மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே பிரிவில் இருக்கிறது. “திருந்திவிடு” என்று சொல்லி அனுப்புகிற பழக்கத்தை நம் வீடுகள் கைவிட இந்த ஒரு தகவல் போதுமானது.

செயலிக்கு அவரைத் தெரியும்

சீட்டு மேசையில் எதிரில் இருப்பவர் நம்மைப் படிப்பார். நாமும் அவரைப் படிப்போம். இங்கே ஒரு பக்கம் மட்டும்தான் படிக்கிறது. எந்த மணிக்கு ஆடுகிறார், எத்தனை தோல்விக்குப் பின் நிறுத்துகிறார், எத்தனை நாளில் திரும்புகிறார் என்பதெல்லாம் நிறுவனத்திடம் பதிவாகிறது. மூன்று நாள் ஆடாமல் இருந்தால் நான்காம் நாள் குறுஞ்செய்தி வந்துவிடும்: உங்களுக்காக 500 ரூபாய் போனஸ், இன்று இரவு மட்டும். பணம் போட ஒரு நொடி. எடுக்க மணிக்கணக்கு, அதற்குள் எடுக்கும் கோரிக்கையை ரத்து செய்து ஆடுவதற்கு ஒரு பொத்தான். அந்தப் பொத்தானை எத்தனை முறை தொட்டிருப்பார் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை.

கடனும் அதே திரையில்தான் இருந்தது. முதலில் கூட்டுறவுச் சங்கத்தில் மனைவியின் நகை, தறிக்கு ஷட்டில், பாவு வேலை என்று சொல்லி அடகு. பிறகு உடனடிக் கடன் செயலிகள். கடன் பணம் வங்கிக் கணக்கில் விழுந்த அதே நிமிடத்தில் ஆட்டச் செயலிக்குப் போன பதிவுகள் மட்டும் நாற்பதுக்கு மேல். டிஜிட்டல் கடன் செயலிகள் கைபேசியில் உள்ள தொடர்பு எண்களைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி போட்டது. விதிக்கு வெளியே இயங்கும் செயலி ஒன்று, தவணை தவறியதும் அவருடைய சம்பந்தி வீட்டுக்கும், பாவு கொடுக்கும் ஜவுளிக்காரருக்கும் செய்தி அனுப்பியது. அன்று இரவு அவர் வீடு திரும்பவில்லை. மச்சான் விடிய விடியத் தேடிக் கூட்டிவந்தார். இதற்கெல்லாம் காரணம் நூல் விலை என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார்கள் இருவரும். தன் தம்பியும் சேர்ந்து மறைத்தான் என்பதுதான் அந்தப் பெண்ணுக்கு அன்று என் அலுவலகத்தில் அதிகம் வலித்தது.

சட்டமும் கணக்கும் பக்கம் பக்கமாக

சட்டத்தின் ஒவ்வொரு திருப்பமும் இந்த மனிதரின் கணக்கு அறிக்கையில் தடம் பதித்திருந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவர் தொடங்கியது 2020 பொதுமுடக்கத்தில், தறி நின்ற நாட்களில், வரவேற்பு போனஸோடு. 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டத்தால் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டைத் தடை செய்தது. செயலியே “உங்கள் மாநிலத்தில் ஆட முடியாது” என்று நிறுத்திவிட்டது. டிசம்பர் முதல் அடுத்த ஜூலை வரை அறிக்கையில் ஒரு பதிவும் இல்லை. எந்த மருத்துவரும் பார்க்கவில்லை, யாரும் புத்தி சொல்லவில்லை, எட்டு மாதம் நிம்மதி. 2021 ஆகஸ்ட் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அதே மாதம் ஆட்டம் திரும்பிவிட்டது. 2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்றபோது பதிவுகள் பக்கம் பக்கமாக.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு. அதன் பரிந்துரைப்படி புதிய சட்டம். ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அந்த ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே, அவற்றைத் தடை செய்ய முடியாது, நெறிப்படுத்தலாம் என்றது. எங்கள் தறிக்காரர் 60,000 ஜெயித்த பொங்கல் அதற்கு இரண்டு மாதத்துக்குப் பின் வந்தது.

2024 ஜூலைக்குப் பின் நாங்கள் செய்தது பெரிய காரியம் அல்ல. ஜவுளிக்காரரிடம் பேசிக் கூலியை மனைவியின் கணக்குக்கு மாற்றினோம். கணவருடைய யுபிஐ வரம்பை நாளுக்கு 1,000 ரூபாயாகக் குறைத்தோம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை மனைவி அழைத்தார். அங்கிருந்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வழி கிடைத்தது. கணவர் நான்கு தறிகளை எடைக்குப் போட்டுக் கடன் செயலிகளை முடித்தார். அப்பா வாங்கிய தறிகள். லாரியில் ஏற்றும்போது அவர் பக்கத்தில் நிற்கவில்லை.

ஆனாலும் இரவில் ஆட்டம் முழுதாக நிற்கவில்லை. மச்சானின் கைபேசி, நண்பரின் கணக்கு. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையத்தின் விதிகள் வந்தன: நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து வரை பணம் வைத்த ஆட்டத்துக்கு நுழைவு கிடையாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், ஒரு மணி நேரம் ஆடியபின் அரை மணிக்கு ஒருமுறை எச்சரிக்கை. எச்சரிக்கையை அவர் படித்ததே இல்லை என்றார். “ஆனால் பன்னிரண்டு மணிக்கு மேசையை மூடிவிட்டார்கள். இழந்ததைப் பிடிக்க அதற்குமேல் வழி இல்லை. கொஞ்ச நேரம் தறியைச் சுற்றுவேன், பிறகு தூக்கம் வந்துவிடும். விடிந்து எழுந்தால் அந்த வெறி பாதிதான் இருக்கும்.” பழைய குடோனில் கரண்ட் வந்ததும் கலைந்த ஆட்டம் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. இந்த விதி பயனற்றது, ஆடுகிறவன் பகலில் ஆடுவான் என்று வாதிட்டவர்கள், நள்ளிரவுக்குப் பின் தோற்றதைத் துரத்தும் மனிதனைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்க மாட்டார்கள். அந்த விதிகள் செல்லும் என்று உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3-ஆம் தேதி தீர்ப்பளித்தபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன்.

அதற்குமுன் ஒரு சறுக்கல். மார்ச்சில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டத் தறிகள் மறுபடி நின்றன. ஏறக்குறைய ஒரு மாதம். வருமானம் இல்லை, பகல் முழுக்க வேலை இல்லை. 38,000 ரூபாய் போனது. இந்த முறை மனைவியிடம் அவரே மூன்றாம் நாள் சொல்லிவிட்டார். மருத்துவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார்: போன தொகையைவிட, சொன்ன நாளைக் குறித்து வையுங்கள் என்றார்.

பிறகு மத்திய அரசே சட்டம் கொண்டுவந்தது: 2025 ஆகஸ்ட் 20 மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டை நடத்துவதையே மத்தியச் சட்டம் குற்றமாக்கியது. நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டாண்டு, 50 லட்சம். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. பெரிய செயலிகள் அந்த மாதமே பண ஆட்டங்களை நிறுத்தின.

அடுத்து வந்தது டெலிகிராம் இணைப்புகள். வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்கள். பணம் போடச் சொல்லும் கியூஆர் படத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு தனி மனிதர் பெயர். கமிஷனுக்காக வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்ட யாரோ ஒருவர். அங்கே ஆதார் சரிபார்ப்பு இல்லை, ஐந்து மணி நேர இடைவெளி இல்லை, 194பிஏ பதிவும் இல்லை. இன்னொரு மனைவி இன்னொரு அலுவலகத்தில் தற்செயலாகத் தெரிந்துகொள்ளும் வாய்ப்புக்கூட இல்லை. தடையை நான் ஆதரிக்கிறேன். எட்டு மாத நிம்மதியை அறிக்கையில் கண்ணால் பார்த்தவன். அதனால்தான் வங்கிகள் இந்த வாடகைக் கணக்குகளைத் தேடி முடக்குவதில் காட்டும் வேகம் மேலும் கூட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சேமிப்புக் கணக்கு ஒன்றில் ஓர் இரவில் நூறு பேர் 300, 500 என்று போட்டால், அது என்னவென்று யாருக்கும் புரியும்.

இப்போது அவர் சனிக்கிழமை மாலைகளில் கூலிச் சீட்டோடு வருகிறார். போன வாரம் கைபேசியை மேசைமேல் வைத்து, “இவற்றைப் பாருங்கள்” என்றார். அறியாத எண்களிலிருந்து வந்த அழைப்புகள், இணைப்புகள். ஒன்றையும் திறக்கவில்லை. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடக்கினோம்; பதினொன்று இருந்தன. பன்னிரண்டாவது அவருடைய மகளிடமிருந்து வந்த செய்தி, விடுதிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எப்போது என்று. அதற்குப் பதில் அனுப்பிவிட்டு, நாளைக்குப் பாவு பிணைக்க ஆள் வருகிறது என்று சொல்லி எழுந்தார்.